கப்பலில் முதல் மாத்திரை அம்மாவுக்கு!

"அம்மா, நடுக்கடல்ல கப்பல் நின்னுட்டா யாரும்மா இறங்கித் தள்ளுவாங்க?"

ராயபுரத்திலிருந்து துறைமுக வாசலுக்கு ஆட்டோவில் போகும்போது என் மகள் கேட்ட கேள்வி. ஆறு வயசு. வீட்டில் எல்லோருக்கும் பாப்பா. நான் பதில் யோசிப்பதற்குள், "கப்பலுக்கு ஹாரன் யாரு அடிப்பாங்க?" என்று அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள். ஆட்டோக்காரருக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

எங்களுக்குத் துறைமுகம் அடுத்த வீடு மாதிரி. ராத்திரியில் கப்பல் சங்கு ஊதினால் கட்டிலில் படுத்தபடியே கேட்கலாம். கன்டெய்னர் லாரி வரிசையில் மாட்டிக்கொண்டு ஸ்கூலுக்கு லேட்டாவது வாரத்தில் இரண்டு நாளாவது உண்டு. பாப்பாவுக்குச் சோறு ஊட்டியதே மொட்டை மாடியில் நின்று, தூரத்தில் நங்கூரம் போட்ட கப்பல்களின் விளக்கைக் காட்டித்தான். ஆனால் கப்பலுக்குள் கால் வைத்த ஆள் எங்கள் வீட்டில் ஒருத்தர்கூட இல்லை. 'ஒருநாள் நாமும் போகலாம்டி' என்று நான் சொன்னதை அவள் மறக்கவே இல்லை. பிள்ளைகளிடம் வாய் தவறிக்கூட எதையும் சொல்லிவிடக் கூடாது!

சென்னையிலிருந்து உல்லாசக் கப்பல் என்பது இப்போது கனவு சமாச்சாரம் இல்லை. 2022 ஜூன் 4-ம் தேதி முதல்வர் மு.க.ஸ்டாலின் சென்னைத் துறைமுகத்தில் 'எம்ப்ரஸ்' என்ற கப்பலைக் கொடியசைத்து அனுப்பி வைத்தார். 1990-ல் ஓடத் தொடங்கிய, பதினொரு அடுக்குக் கப்பல். இரண்டு ராத்திரி கடலில் சுற்றிவிட்டுத் திரும்புவது, விசாகப்பட்டினம் வரை போய் வருவது என்று பயணங்கள் அறிவித்தார்கள். மறு வருஷம், 2023 ஜூனில், இதே துறைமுகத்திலிருந்து இலங்கையின் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறைக்கும் கப்பல் புறப்பட்டது. வருஷம் முழுக்க இருக்காது. மும்பைப் பக்கம் தென்மேற்குப் பருவக்காற்றில் கடல் கொந்தளிக்கும் மாதங்களில்தான் பெரும்பாலும் இந்தப் பக்கம் கப்பல் வந்திருக்கிறது. எனவே அந்தந்த வருஷம் விசாரித்துத்தான் திட்டம் போட வேண்டும்.

நாங்கள் எடுத்தது இரண்டு ராத்திரிப் பயணம். எந்தக் கப்பல், எந்த மாசம் என்பதெல்லாம் இருக்கட்டும். என் வீட்டுக்காரருக்கு எண்ணூரில் ஷிப்ட் வேலை. கடைசி நேரத்தில் லீவு கிடைக்கவில்லை. மாமியாருக்கு முழங்கால் வலி. ஆகவே நானும் பாப்பாவும் மட்டும். கணவர், மாமியார், நாத்தனார் யாராவது ஒருத்தர் பக்கத்தில் இல்லாமல் நான் பாப்பாவோடு ஊருக்குப் போனது அதுதான் முதல் தடவை. அந்த விஷயம் எவ்வளவு முக்கியமானது என்பது எனக்கு நடுக்கடலில்தான் உறைத்தது.

கிளம்பும் முன் ஆளாளுக்கு ஆலோசனை. மாமியாரின் அப்பா அந்தக் காலத்தில் ரஜூலா கப்பலில் பினாங்கு போனவர். 1926-ல் கட்டின கப்பல் அது. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று 1970-களின் தொடக்கம் வரை ஓடியது. மேல்தளத்தில் பாயை விரித்துக்கொண்டு, பிள்ளை குட்டிகளோடு நாள்கணக்கில் போவார்களாம். "எலுமிச்சம்பழத்தை மோந்துக்கிட்டே இருக்கணும். வயித்தைக் காயப் போடக் கூடாது, அமுக்கித் திங்கவும் கூடாது" - இது மாமியார் சொன்னது. எங்கள் தெருக்கோடியில் ஒரு தாத்தா. காசிமேட்டில் ஐம்பது வருஷம் கடலுக்குப் போனவர். பாப்பாவைக் கூப்பிட்டு வைத்துச் சொன்னார்: "தோ பாரு கண்ணு... கீழ தண்ணியப் பாக்காத. தூரமா, வானமும் தண்ணியும் ஒட்டிக்கினு இருக்கும் பாரு, அத்தப் பாரு. தல சுத்தாது."

இரண்டு பேர் சொன்னதிலும் உண்மை இருக்கிறது என்பது பிறகு தெரிந்தது. அப்போது நான் காதில் வாங்கவில்லை. பாப்பாவுக்கு மருந்துப் பை தயார் பண்ணுவதில் மும்முரமாக இருந்தேன். காய்ச்சல் சிரப், வாந்தி சிரப், ஓ.ஆர்.எஸ். பாக்கெட், தெர்மாமீட்டர், பிளாஸ்திரி, கொசுக்கடிக்குப் பூசுகிற கிரீம்... நடுக்கடலில் கொசு ஏது என்று என் வீட்டுக்காரர் கிண்டல் பண்ணினார். எனக்கென்று என்ன எடுத்து வைத்தேன் தெரியுமா? இரண்டு புடவை, ஒரு சுடிதார், ஒரு கூலிங் கிளாஸ்!

கப்பல் கிளம்பும் நேரம் ரொம்ப அழகு. மேல்தளத்தில் நின்றோம். துறைமுகக் கிரேன்கள், காசிமேட்டுப் படகுகள், அதற்குப் பின்னால் ராயபுரம். "நம்ம வீடு எது?" என்று பாப்பா நச்சரித்தாள். ஏதோ ஒரு விளக்கைக் காட்டினேன். கையாட்டினாள். கொஞ்ச நேரத்தில் செல்போனில் சிக்னல் போய்விட்டது. ராத்திரிச் சாப்பாட்டுக்கு நீளமான மேஜையில் முப்பது, நாற்பது பதார்த்தங்கள். பணம் கட்டியாச்சே என்ற எண்ணம் நமக்கெல்லாம் உண்டுதானே? பாப்பா நூடுல்ஸும் ஐஸ்க்ரீமும் சாப்பிட்டாள். நான் பிரியாணியை ஒரு கை பார்த்தேன்.

பத்து மணி இருக்கும். தரை லேசாக மிதப்பது போல் இருந்தது. எனக்குக் கொட்டாவி மேல் கொட்டாவி. வாயில் எச்சில் ஊறியது. நெற்றியில் சில்லென்று வேர்வை. பிரியாணி சரியில்லை என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த கால் மணியில் பாத்ரூமுக்கு ஓடினேன். அதற்கப்புறம் எழுந்து நிற்கவே முடியவில்லை. பாப்பாவோ கட்டிலில் குதிக்கிறாள். "அம்மா, ஊஞ்சல் மாதிரி இருக்கு!"

பக்கத்து அறை அம்மா ஒருத்தர் இரக்கப்பட்டு ஒரு மாத்திரை கொடுத்தார். விழுங்கினேன், வெளியே வந்துவிட்டது. இன்னொன்று கேட்டு வாங்கிப் போட்டேன். அது உள்ளே நின்றது. பாப்பாவை அணைத்துக்கொண்டு படுத்ததுதான் தெரியும்.

கண் விழித்தபோது மணி ஆறரை. பக்கத்தில் பாப்பா இல்லை.

பாத்ரூமில் இல்லை. கட்டிலுக்கு அடியில் இல்லை. கதவு சாத்தித்தான் இருந்தது. ஆனால் அறைக் கதவு உள்ளேயிருந்து கைப்பிடியை அழுத்தினால் திறந்துகொள்ளும். வெளியே போனவுடன் தானாகச் சாத்திக்கொள்ளும். நெஞ்சு அடைத்துப் போயிற்று. காலில் ஒரு செருப்போடு நடைபாதையில் ஓடினேன். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி கதவுகள். எது மேலே, எது கீழே, எது முன்பக்கம் என்று எனக்கே குழம்பியது. அவளுக்கு எப்படித் தெரியும்? மேலே நீச்சல் குளம் இருக்கிறது. சுற்றிலும் கடல் இருக்கிறது. போனில் சிக்னல் இல்லை. யாரைக் கூப்பிட? எந்தச் சாமியை வேண்டினேன் என்றே ஞாபகமில்லை.

அறைக்கே திரும்பி ஓடி, அங்கிருந்த டெலிபோனில் வரவேற்பறையை அழைத்தேன். ஊழியர்கள் தளத்துக்கு ஒருவராகத் தேடப் போனார்கள். இருபது நிமிஷம். சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு வயதான தம்பதியோடு உட்கார்ந்து பால் குடித்துக்கொண்டிருந்தாள் பாப்பா. கையில் பாதி வெட்டின எலுமிச்சம்பழம்.

"நீ எழுந்திரிக்கவே இல்லைம்மா. அதான் பாட்டி சொன்ன எலுமிச்சம்பழம் வாங்கலாம்னு வந்தேன்..."

அந்தக் கூடத்துக்கு அவள் போன வழி நீச்சல் குளத்தை ஒட்டித்தான். அதை அப்புறம் போய்ப் பார்த்தபோது எனக்குக் கால் நடுங்கியது.

டாக்டர் கேட்ட கேள்வி

ஊர் திரும்பியதும் எங்கள் குடும்ப டாக்டரிடம் போனேன். பாப்பாவை ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். ஆஸ்பத்திரியில் பெற்று எடுத்து வந்த நாளிலிருந்து அவளைப் பார்ப்பவர். முழுக்கதையையும் கேட்டுவிட்டு, "குழந்தைக்கு என்னென்ன மருந்து கொண்டு போனீங்க?" என்றார். ஒப்பித்தேன். "சரி, உங்களுக்கு?" என்றார். வாயடைத்துப் போனேன்.

கடல் மயக்கம் யாருக்கு வரும் என்பதில் நாம் நினைப்பது ஒன்று, நடப்பது ஒன்று. கைக்குழந்தைக்குத்தான் முதலில் வரும் என்று பயப்படுகிறோம். உண்மையில் இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு அது அபூர்வம். அதற்குப் பிறகுதான் தலைகாட்டத் தொடங்கி, ஏழு முதல் பன்னிரண்டு வயதுவாக்கில் உச்சத்தில் இருக்கும். வளர வளரக் குறையும். பெரியவர்களில் ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். மாதவிலக்கு நாட்களிலும் கர்ப்ப காலத்திலும் கூடும். ஒற்றைத் தலைவலி உள்ளவர்களைக் குறி வைத்துத் தாக்கும். எனக்குக் கல்லூரி நாளிலிருந்து ஒற்றைத் தலைவலி. ஏற்காடு பஸ்ஸில் கொண்டை ஊசி வளைவுகளில் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக்கொண்டு போன ஆள் நான். எல்லாக் குறிப்பும் என்னையே காட்டியிருக்கின்றன. நான்தான் பார்க்கவில்லை.

ஏன் வருகிறது? உட்காதில் அரைவட்டக் குழல்கள் என்று மூன்று இருக்கின்றன. அவற்றில் உள்ள திரவம் அசைவதை வைத்துத்தான் உடம்பு திரும்புகிறதா, சாய்கிறதா என்று மூளை தெரிந்துகொள்கிறது. கப்பல் அறைக்குள் காது, 'ஆடுகிறோம்' என்கிறது. கண்ணோ சுவரையும் கட்டிலையும் பார்த்து, 'எதுவும் ஆடவில்லையே' என்கிறது. இந்தச் சண்டையில் மூளை குழம்பி வயிற்றைப் புரட்டுகிறது. காசிமேட்டுத் தாத்தா சொன்ன வைத்தியம் இந்தச் சண்டையைத்தான் தீர்த்து வைக்கிறது. அடிவானத்தைப் பார்க்கும்போது கப்பல் ஆடுவது கண்ணுக்கும் தெரிகிறது. காதும் கண்ணும் ஒரே சேதியைச் சொல்கின்றன. செல்போனில் கார்ட்டூன் பார்ப்பது, படம் வரைவது, கதைப் புத்தகம் படிப்பது எல்லாம் சண்டையை மூட்டிவிடும் வேலைகள். கடல் ஆடும் நேரத்தில் பிள்ளையைச் சும்மா இருக்க வைக்க நாம் நீட்டுவதே செல்போனைத்தான்!

சின்னப் பிள்ளைக்கு 'குமட்டுது' என்று சொல்லத் தெரியாது. வளவளவென்று பேசிக்கொண்டிருந்த பிள்ளை திடீரென்று வாயை மூடிக்கொள்ளும். முகம் வெளுக்கும். கொட்டாவி விடும். எச்சிலை அடிக்கடி விழுங்கும். கை கால் சில்லிடும். 'தூக்கம் வருது' என்று மடியில் சாயும். இதைப் பார்த்ததுமே காற்றோட்டமான இடத்துக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டால் பாதி ஆபத்து தீர்ந்தது.

இன்னொரு விஷயம் டாக்டர் சொன்னபோதுதான் எனக்குப் பளிச்சென்று புரிந்தது. கடலின் ஆட்டத்துக்கு உடம்பு பழக இரண்டு, மூன்று நாள் பிடிக்கும். ஏழு நாள் பயணம் போகிறவர்கள் முதலில் அவஸ்தைப்பட்டாலும் அப்புறம் நிமிர்ந்துவிடுவார்கள். நம் மாதிரி இரண்டு ராத்திரிக்குப் போகிறவர்கள்? பழகிக்கொள்வதற்குள் இறங்கச் சொல்லிவிடுவார்கள்! 'ரெண்டு நாள்தானே, சமாளிச்சுக்கலாம்' என்று முன்னேற்பாடு இல்லாமல் போவது எவ்வளவு அசட்டுத்தனம் பாருங்கள்.

மாத்திரை விஷயத்தில் ஜாக்கிரதை

பஸ் பயணத்துக்கு மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்குகிற மாத்திரைகள் பலவற்றில் இருப்பது புரோமெதசின் என்ற மருந்து. இது குமட்டல் வந்த பிறகு போடுவதற்கு அல்ல, வருவதற்கு முன்பே போட வேண்டியது. கப்பல் கிளம்ப ஒன்றிரண்டு மணி நேரம் முன்பு, அல்லது முதல் நாள் இரவு படுக்கும்போது. வாந்தி ஆரம்பித்துவிட்டால் மாத்திரை வயிற்றில் தங்காது. நான்தான் கண்கூடாகப் பார்த்தேனே!

நன்றாகத் தூக்கத்தைக் கிளப்பும் மருந்து இது. துணைக்கு ஆள் இல்லாமல் பிள்ளையோடு போகும் அம்மாவோ அப்பாவோ இதைப் போட்டுக்கொண்டு கட்டிலில் விழுந்தால் பிள்ளையைப் பார்க்க ஆளில்லை. தூக்கம் குறைவாகத் தரும் மருந்துகளும் இருக்கின்றன. எது உங்களுக்கு ஒத்துக்கொள்ளும் என்பதைப் பயணத்துக்கு ஒரு வாரம் முன்பே டாக்டரிடம் கேட்டு, வீட்டில் ஆள் இருக்கும் ஒரு நாளில் போட்டுப் பார்த்துவிடுவது புத்திசாலித்தனம். எவ்வளவு தூக்கம் வருகிறது என்பது நடுக்கடலில் தெரிய வேண்டிய விஷயம் இல்லை.

குழந்தைக்கு? இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குப் புரோமெதசின் கூடவே கூடாது. மூச்சு மந்தமாகி உயிருக்கே ஆபத்தாகலாம். அதற்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கும் எடையைப் பார்த்து டாக்டர்தான் அளவு சொல்ல வேண்டும். பெரியவர்கள் மாத்திரையை 'பாதி உடைச்சுக் கொடு' என்கிற பேச்சே வேண்டாம். சில பிள்ளைகளுக்கு இது தூக்கத்துக்குப் பதிலாக நேர்மாறாக வேலை செய்து, ராத்திரி முழுக்க ஆட்டம் போட வைப்பதும் உண்டு. காதுக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ளும் மருந்துப் பட்டை சிறு பிள்ளைகளுக்கு ஆகாது. நம் எல்லோர் வீட்டு ஃபிரிட்ஜிலும் இருக்கும் வாந்தி சிரப் - ஆன்டான்செட்ரான் - வயிற்றுப்போக்கோடு வரும் வாந்திக்குக் கேட்கும். கடல் மயக்கத்துக்குப் பெரிதாகக் கேட்பதில்லை. நான் பத்திரமாகச் சுற்றி எடுத்துப்போனது அதைத்தான்.

இஞ்சி கொஞ்சம் பலன் தரும் என்று சில ஆராய்ச்சிகள் சொல்கின்றன, சில இல்லை என்கின்றன. இஞ்சி மரப்பா ஒரு துண்டு வாயில் அடக்கிக்கொண்டால் பெரியவர்களுக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை. சின்னக் குழந்தைக்குத் தொண்டையில் சிக்கும், வேண்டாம். எலுமிச்சம்பழ வாசனைக்கு மருத்துவ ஆதாரம் என்று பெரிதாக இல்லை. ஆனாலும் அந்த இரண்டாம் நாள் முழுக்கப் பாப்பா கொண்டு வந்த பாதி மூடியை நான் கையிலேயே வைத்திருந்தேன்.

சாப்பாட்டில் மாமியார் சொன்னதுதான் சட்டம். வெறும் வயிறும் ஆகாது, முட்ட முட்டவும் ஆகாது. இட்லி, தயிர் சாதம், வாழைப்பழம், உப்பு பிஸ்கட். எண்ணெயில் பொரித்தது, கிரீம் வழிவது எல்லாம் கப்பல் கரைக்கு வந்த பிறகு.

அறை எடுக்கும்போதும் ஒரு சூட்சுமம் உண்டு. பஸ்ஸில் கடைசி சீட்டு தூக்கிப் போடும், நடு சீட்டு அவ்வளவாகப் போடாது இல்லையா? கப்பலும் அப்படித்தான். நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் உள்ள அறைகள் குறைவாக ஆடும். உச்சியில் பால்கனியோடு இருக்கும் அறைக்குக் காசும் அதிகம், ஆட்டமும் அதிகம்! கீழே உள்பக்க அறையில் ஜன்னல் இருக்காது, அடிவானம் தெரியாது. அதனால் அங்கே தூங்க மட்டும் போய்விட்டு, விழித்திருக்கும் நேரத்தை வெளித்தளத்தில் கழித்தால் போதும். பால்கனி அறைதான் எடுப்பேன் என்பவர்கள் நாற்காலியைக் கம்பியோரம் போடாதீர்கள். பிள்ளைகள் ஏறிப் பார்க்க அது படிக்கட்டு.

இது கடல் வாந்தியா, கிருமி வாந்தியா?

கப்பலில் வரும் எல்லா வாந்தியும் கடலால் வருவதில்லை. ஒரே கைப்பிடி, ஒரே கரண்டி, ஒரே கதவு என்று ஆயிரம் பேர் தொடும் இடம் அது. நோரோ வைரஸ் என்ற கிருமி உல்லாசக் கப்பல்களில் அடிக்கடி பேசப்படுவது இதனால்தான். உள்ளே போய் நோயைக் கிளப்ப மிகச் சில கிருமிகளே போதும்.

வித்தியாசம் எப்படிக் கண்டுபிடிப்பது? கடல் மயக்கத்தில் காய்ச்சல் இருக்காது, வயிற்றுப்போக்கு இருக்காது. கடல் அமைதியானால் பிள்ளையும் தெளிந்துவிடும். தண்ணீராகப் போவது, வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுவது, உடம்பு சுடுவது, கப்பல் ஆடாமல் நிற்கும்போதும் வாந்தி தொடர்வது... இதெல்லாம் கிருமி வேலை. கப்பலிலேயே மருத்துவ அறை இருக்கும், தாமதிக்காமல் போய்விடுங்கள். பெரும்பாலான கப்பல்களில் அதற்குத் தனிக் கட்டணம் வாங்குவார்கள். யோசிக்க வேண்டாம்.

இன்னொன்று. சாப்பாட்டுக் கூடத்து வாசலில் கையில் பீய்ச்சிவிடும் சானிடைசரை மட்டும் நம்பாதீர்கள். நோரோ வைரஸ் அதற்குச் சுலபத்தில் மசியாது. சோப்பும் தண்ணீரும் போட்டு இருபது விநாடி தேய்த்துக் கழுவுவதுதான் வழி. லிஃப்ட் பட்டனைத் தொட்ட கையோடு பாப்பா ஃபிங்கர் சிப்ஸ் எடுத்ததை எண்ணினால் இப்போதும் உதறுகிறது.

எந்த வாந்தியானாலும் சின்ன உடம்பில் நீர் சீக்கிரம் வற்றும். வாந்தி எடுத்தவுடனே டம்ளர் நிறையத் தண்ணீர் கொடுத்தால் அதுவும் வெளியே வரும். பத்து நிமிஷம் பொறுத்து, ஓ.ஆர்.எஸ். கரைசலை ஒரு டீஸ்பூன், இரண்டு நிமிஷம் கழித்து இன்னொரு டீஸ்பூன் என்று பொறுமையாகக் கொடுக்க வேண்டும். பாக்கெட்டில் எவ்வளவு தண்ணீர் என்று போட்டிருக்கிறதோ அதே அளவு. கூடவோ குறையவோ கூடாது. பாக்கெட் கைவசம் இல்லையென்றால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலை தட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. நாக்கு வறண்டு, அழும்போது கண்ணீர் வராமல், ஆறு மணி நேரத்துக்கு மேல் சிறுநீர் போகாமல், துவண்டு கிடந்தால் அது டாக்டர் பார்க்க வேண்டிய கட்டம்.

ஏழு சின்னது, ஒன்று பெரிசு

கப்பல் கிளம்பும் முன்பே எங்களையெல்லாம் ஓரிடத்தில் கூட்டி, உயிர்காப்பு அங்கியை எப்படி மாட்டுவது, ஆபத்து என்றால் எங்கே வந்து நிற்பது என்று சொல்லிக் காட்டினார்கள். பாதிப் பேர் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள். இந்தப் பயிற்சிக்குப் பின்னால் பெரிய சோகக் கதைகள் இருக்கின்றன. 1912-ல் டைட்டானிக் மூழ்கிய பிறகுதான், 1914-ல் கடல் பயணிகளின் உயிர்ப் பாதுகாப்புக்கென்று முதல் சர்வதேச ஒப்பந்தமே வந்தது. 2012 ஜனவரியில் இத்தாலியின் ஜிலியோ தீவருகே கோஸ்டா கான்கார்டியா பாறையில் மோதிச் சாய்ந்து 32 பேர் இறந்தார்கள். அன்றுதான் ஏறிய பயணிகளுக்கு இந்தப் பயிற்சி அதுவரை கொடுக்கப்படவில்லை. அதற்குப் பிறகுதான், கப்பல் கிளம்பும் முன்போ கிளம்பிய உடனேயோ இதை நடத்தியே ஆக வேண்டும் என்று விதியை மாற்றினார்கள்.

குழந்தைக்கு அதன் எடைக்குப் பொருந்தும் அங்கி வேண்டும். பெரியவர்களுடையதைப் போட்டால் தலை வழியே கழன்று போகும். அறையில் அது இல்லையென்றால் உடனே கேட்டு வாங்கிவிடுங்கள், ராத்திரிக்குத் தள்ளிப் போடாதீர்கள். ஆபத்துக்கான சங்கு ஏழு தடவை குட்டையாக, எட்டாவது நீளமாக ஒலிக்கும். பாப்பா இதைப் பாட்டு மாதிரி மனப்பாடம் பண்ணிக்கொண்டாள்.

நீச்சல் குளம் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. பல கப்பல்களில் குளத்தருகே உயிர்காப்பாளர் என்று தனியாக ஆள் கிடையாது. மூழ்கும் குழந்தை சினிமாவில் வருவது போலக் கத்தாது, கை அடிக்காது. சத்தமில்லாமல் போய்விடும். பிள்ளை தண்ணீரில் இருக்கும் நேரமெல்லாம் கை நீட்டினால் தொடும் தூரத்தில் நீங்கள் இருக்க வேண்டும்.

தனியாகப் பிள்ளையோடு போகிறவர்களுக்கு நான் பட்டுத் தெரிந்துகொண்ட சில காரியங்கள். ஏறியவுடன் அறை வரிசையைக் கவனித்துக்கொள்ளும் ஊழியரிடம் 'நாங்கள் ரெண்டு பேர்தான்' என்று சொல்லி வையுங்கள். பக்கத்து அறைக்காரர்களோடு இரண்டு வார்த்தை பேசி வையுங்கள். அறைக் கதவின் மேல்பக்கக் கொண்டியைப் பிள்ளை கைக்கு எட்டாமல் போட முடியுமா என்று பாருங்கள். முடியாவிட்டால் கைப்பிடியில் ஒரு சலங்கையைக் கட்டிவிடுங்கள். இரண்டாம் ராத்திரி நான் பாப்பாவின் கொலுசைக் கட்டினேன். அறை எண், என் பெயர் எழுதின சீட்டை அவள் சட்டைக்குள் ஊக்கு குத்தினேன். உடம்புக்கு முடியாமல் போனால் வெட்கப்படாமல் டெலிபோனில் உதவி கேட்க வேண்டும். முதல் ராத்திரி நான் அதைச் செய்யவில்லை.

ஆறு மாசத்துக்கு உட்பட்ட கைக்குழந்தையைப் பெரும்பாலான உல்லாசக் கப்பல்களில் ஏற்றுவதில்லை. ஆஸ்துமா, வலிப்பு இருக்கும் பிள்ளைகளின் மருந்தைப் பெட்டியில் போடாமல் கைப்பையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும். பெரிய பெட்டி அறைக்கு வந்து சேர மணிக்கணக்காகலாம். சென்னைப் பக்கம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையும் புயலும் வரும் காலம். பிள்ளையோடு முதல் கடல் பயணத்துக்கு அதைத் தவிர்த்துவிடலாம்.

இரண்டாம் நாள் கடல் கொஞ்சம் அடங்கியது. நானும் பாப்பாவும் காலையிலிருந்து வெளித்தளத்தில் உட்கார்ந்து வானமும் தண்ணீரும் ஒட்டும் இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். தயிர் சாதம் சாப்பிட்டோம். மூன்று வருஷமாக நான் அவளோடு இவ்வளவு நேரம் பேசியதே இல்லை. கேஸ் அடுப்பு இல்லை, ஹோம் ஒர்க் இல்லை, போனும் இல்லை. கப்பலுக்கு பிரேக் எங்கே இருக்கும், மீனுக்குக் கடல் மயக்கம் வருமா என்று நூறு கேள்வி. எனக்கு ஒன்றுக்கும் பதில் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் பாப்பா நடுக்கூடத்தில் காலை அகட்டி நின்றுகொண்டு, "பாட்டி, நம்ம வீடு ஆடுது!" என்றாள். எனக்கும் ஆடியது. ஆட்டத்துக்குப் பழக ஆரம்பித்த மூளை தரைக்குத் திரும்பியதும் இப்படி ஏமாறும், ஓரிரு நாளில் சரியாகிவிடும், அதற்கு மேல் நீடித்தால் மட்டும் வந்து காட்டுங்கள் என்றார் டாக்டர். மூன்றாம் நாள் சரியாகிவிட்டது.

அன்று ராத்திரி துறைமுகத்தில் ஏதோ ஒரு கப்பல் சங்கு ஊதியது. தூங்கிக்கொண்டிருந்த பாப்பா எழுந்து உட்கார்ந்து விரலை விட்டு எண்ணினாள். ஒன்றோடு நின்றுவிட்டது. திரும்பப் படுத்துக்கொண்டாள்.